பேஸ்மெண்ட் பெட்டி

பேஸ்மெண்ட் படியில் இறங்கும்போதே மார்லிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூனை மூத்திர நாற்றம். பூனை செத்து நாலு வருஷம் ஆகிறது, நாற்றம் மட்டும் காலி செய்யாமல் குடியிருக்கிறது. மேலே துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு டுலூத் தேவாலயத்தில் அப்பாவின் அடக்க ஆராதனை. அதற்குள் அம்மா பாடிய வீடியோவை எடுத்தாக வேண்டும். அம்மா போய் ஆறு வருஷம். அப்பாவை அவள் குரலோடுதான் அனுப்ப வேண்டும் என்று மார்லிஸ் ஒற்றைக்காலில் நின்று பாதிரியாரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அந்தப் பாட்டு வேறு எங்கும் இல்லை, அப்பா சொந்தமாகச் செய்த இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பெட்டியா அது! பழைய கம்ப்யூட்டர் கூடு. பக்கத் தகடு கிடையாது. உள்ளே ஏழெட்டு ஹார்ட் டிஸ்க், கோழிக்குடல் மாதிரி ஒயர்கள், ஃபேனில் பிசுக்கோடு ஒட்டிய பூனை முடி. கருமம்.

வீட்டுப் படங்களைச் சேர்த்துவைக்கக் கடையில் ரெடிமேடாகவே பெட்டி கிடைக்கிறது, சொருகினால் ஓடும் என்று பத்து வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னாள். "என் கையால முடுக்காத ஸ்க்ரூவ நான் நம்ப மாட்டேன், போ" என்பார் அப்பா வெர்னர். போன கிறிஸ்துமஸுக்கு அவளே ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். ஒரு தேங்ஸ் சொன்னார். அவ்வளவுதான்.

தம்பி கர்ட் பெட்டியை ஓடவிட்டுத் திரைக்கு முன்னால் குனிந்திருந்தான்.

"பாஸ்வேர்ட் கேக்குதுக்கா. எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்காரு. ஓடிக்கிட்டே இருந்தா கேக்காது, நின்னு மறுபடி ஓடுனா கேக்கும். யாரு நிறுத்துனது?"

"கரண்ட் போயிருக்கும்."

வாய் கூசாமல் பொய் வந்தது. கடைசி மூன்று நாளும் அப்பா மேலே கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடந்தார். கீழேயிருந்து வெப்பக்காற்று வரும் ஹீட்டர் துவாரம் வழியாக இந்தப் பெட்டியின் இரைச்சல் ஏறி வந்து அவர் மூச்சோடு கலந்தது. கடைசியாக வாய் திறந்து சொன்னது, "கீழ ஓடுறத நிறுத்திடாத." பெற்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இந்த மனுஷனுக்குப் பெட்டிதான் நினைப்பு! அவர் மூச்சு நின்றபிறகும் இரைச்சல் நிற்கவில்லை. இறங்கிப் போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

கர்ட் அம்மா பெயரை அடித்தான். கல்யாண நாளை அடித்தான். பூனை பெயரைக்கூட அடித்துப் பார்த்தான்.

"நீ குடுத்த பெட்டி எங்க? அதுல ஒரு காப்பி போட்டிருப்பாரு."

அலமாரியில் இருந்தது, அட்டைப் பெட்டியில், அழகாக டேப் ஒட்டி. மார்லிஸ் கிழித்தாள். கறுப்புப் பெட்டி பளபளவென்று இருந்தது. டிஸ்க் வைக்கும் இரண்டு தட்டுகளும் காலி.

கர்ட் சிரித்துவிட்டான். "டிஸ்க்க உருவி இதுல போட்டுக்கிட்டாருக்கா. இப்படிச் சொந்தமா கட்டுறவங்க எல்லாருமே செய்யறதுதான். கூடு எதுக்கு அவங்களுக்கு?"

"சீ! குடுத்ததப் பிச்சுத் தின்னுட்டு வெறுங்கூட்ட ஒட்டி வச்சிருக்காரு! மனுஷனா அவரு?"

"கத்தாதக்கா, மேல எல்லாரும் இருக்காங்க. நான் பாதிரியார்கிட்ட பாட்டு இல்லன்னு சொல்லிடறேன்." அவன் ஏறிப் போனான்.

டிஸ்குகளையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஆத்திரத்தோடு ஒயர்களுக்குள் கைவிட்டாள். விரலெல்லாம் பிசுக்கு. எல்லா டிஸ்கிலும் அப்பாவின் கோணல் எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. வரி. கார். மீன்பிடி. அடியில், பிசுக்கே இல்லாமல் துடைத்துவைத்த இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே வரி: அம்மா — மார்லிஸ் கொடுத்ததில்.

கையை வெளியே எடுத்தாள். பிசுக்கைக் கறுப்புப் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு கீபோர்டை இழுத்துத் தன் பெயரை அடித்தாள்.

தவறு என்றது திரை.

"அக்கா, கார் வந்தாச்சு!" மேலேயிருந்து கர்ட் கூப்பிட்டான்.

ஒயர் சுவரில் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு ஏறினாள். மேலே அப்பாவின் கட்டிலில் விரிப்பை உருவிவிட்டிருந்தார்கள். ஹீட்டர் துவாரத்தில் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.