டிக்கியில் நிற்காத இரண்டாவது பெட்டி

1

இந்தக் கதை எனக்குக் கேரளத்தில், எங்கள் ஊரான பாலாவில், ஒரு கார் ஷோரூமில் கிடைத்தது. ஏசிக் குளிரில், அவர்கள் ஓசியில் கொடுத்த எலுமிச்சை ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் குரியாச்சன் ஒரு காரின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். அவருடைய முதுகைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நல்ல நகைச்சுவைக் கதை, இரண்டே நாளில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது மூன்றாவது மாதம் ஓடுகிறது. கதையில் சிரிப்பைக் காணோம், நானும் சரியாகத் தூங்குவதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"குரியாச்சன் இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே வண்டி."

கெட்டிக்காரத்தனமான வரி. அதனாலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் பொய்யில்லை. பேர் வேறு, கடை வேறு, பிறந்த தொழிற்சாலை ஒன்று. ஒரே எஞ்சின், ஒரே பேட்டரி. பெட்ரோலில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம் என்று மாறிமாறி ஓடும். இறக்கத்தில் இறங்கினால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மூக்கு மட்டும்தான் வேறு. பேரை எழுதினால் விளம்பரமாகிவிடும் என்பதால் மூத்தவன், இளையவன் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "மீனச்சிலாற்றின் கரையில், ரப்பர் மரங்களின் நிழலில்

[இந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஆற்றையும் ரப்பரையும் பார்க்க வேண்டியவர்கள் பஸ் பிடித்து வரட்டும்.]

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

லில்லிக்குட்டி குவைத்தில் நர்ஸாக இருந்தவள். கல்யாணமான மறுவருஷம் போனாள். மகளைப் பெற வந்தாள், பெற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். மாமியார் இறந்தபோது வந்தாள், நாற்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிவதற்குள் போனாள். அந்த வருஷங்களிலெல்லாம் குரியாச்சன் இங்கே இருந்து மகளுக்குத் தலைபின்னி, ரப்பர் பார்த்து, குடம்புளி போட்டு மீன்கறி வைத்தார். மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். போன ஓணத்துக்கு லில்லிக்குட்டி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தாள். தெருவே பாயசம் குடித்தது.

கிறிஸ்துமஸுக்குள் அயர்லாந்திலிருந்து வேலை வந்தது. முதியோர் இல்லம். நான் அன்று அவர்கள் வீட்டில் கப்பைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"போறியா?" என்றார் குரியாச்சன்.

"பாக்கலாம். முதல்ல வீட்டுக்கு ஒரு நல்ல வண்டி எடுப்போம் இச்சாயா. அதை எடுத்துட்டுத்தான் போவேன். எத்தனை தடவை வாடகை டாக்ஸியில நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போயாச்சு! டிரைவர் பாட்டு வைப்பான், நான் பின்னாடி உக்காந்து அழுவேன். இந்தத் தடவை சொந்த வண்டி. நான்தான் ஓட்டுவேன்."

"சத்தம் இல்லாத வண்டியா எடுப்போம்," என்றார் அவர். "இப்போ ஹைபிரிட்டுதான் எல்லாரும் எடுக்கறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவள் மீன்கறியை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தேடல் ஆரம்பமானது.

3 (முன்பு இதுதான் 2)

குரியாச்சனை நான் முதலில் அசடாக எழுதியிருந்தேன். எழுதுவதற்கு வசதியாகவும் இருந்தார். சாயந்தரமானால் மதில்மேல் கையூன்றிக்கொண்டு வந்து நிற்பார்.

"டீச்சரே, மூத்தவனுக்கு சர்வீஸ் பாலாவிலயே இருக்கு. இளையவனை இங்க விக்கத்தான் செய்யறாங்க, சர்வீஸுக்கு ஏற்றுமானூர் போகணும்."

"அப்போ மூத்தவனை எடுங்க."

"மூஞ்சி சரியில்லையே. தினமும் காலையில அந்த மூஞ்சியிலயா முழிக்கறது?"

"அப்போ இளையவன்."

"அதை ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தா நம்ம வண்டி எதுன்னு தேடணும்."

"ரெண்டும் ஒரே தொழிற்சாலைதான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ரெட்டைப் பிள்ளைங்கன்னா ரெண்டும் ஒரே குணமா இருக்குமா? நீங்க எக்கனாமிக்ஸ் டீச்சர், உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

கல்லூரியில் இருபது வருஷமாகத் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறேன். எனக்குப் புரியாதாம்! கோபத்தில் அவரை இன்னும் அசடாக்கி இரண்டு பக்கம் எழுதினேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இதே மனிதர் ஃபிரிட்ஜ் வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். கடைக்குள் நுழைந்தார், முதலில் நின்றதைத் தட்டிப் பார்த்தார், "இதைக் கட்டு" என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சம்மதம் சொன்னவர். இவருக்கா முடிவெடுக்கத் தெரியாது?

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.*

* கிழிக்கவில்லை. கணினியில் எழுதுகிறேன். அழித்தேன் என்று சொன்னால் கோபம் தெரிவதில்லை.

4

ஷோரூமுக்கு வருகிறேன். கதை இங்கேதான் கையை விட்டுப் போனது.

அன்று குரியாச்சன் தன் பழைய சின்னக் காரின் மேல்கம்பியில் இரண்டு பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். லில்லிக்குட்டியின் குவைத் பெட்டிகள். "லில்லிக்குட்டி குரியன், பாலா" என்று தடித்த மையில் எழுதி, அழிய அழிய மேலேயே மறுபடி எழுதிய பெட்டிகள். எங்கள் ஊரில் வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் டிக்கியில் எத்தனை ஏர்போர்ட் பெட்டி நிற்கும் என்று கேட்பார்கள். வாயால் கேட்பதோடு நிற்காமல் பெட்டியையே தூக்கி வந்தவர் இவர்தான்.

விற்பனைக்கு நின்ற பெண்ணின் பெயர் ஷெரின். சின்னப் பெண், நல்ல பொறுமைசாலி. குரியாச்சன் முதல் பெட்டியைப் படுக்க வைத்தார். அடங்கிவிட்டது. இரண்டாவதைப் பக்கத்தில் வைத்தார். பின்கதவு மூடவில்லை. நிமிர்த்தினார், குப்புறப் போட்டார், அப்போதும் மூடவில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ ஜெயித்த மாதிரி திரும்பினார்.

"பாத்தீங்களா டீச்சரே! பேட்டரி இடத்தை அடைச்சுக்குது. ரெண்டாவது பெட்டி நிக்காது. காலையில மூத்தவன்லயும் இதே கதைதான்."

அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம் இல்லை. சந்தோஷம். நான் ஜூஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"பின்சீட்டை மடிச்சுடலாமே அங்கிள்," என்றாள் ஷெரின். ஒரு கையால் இழுத்தாள், சீட் மடிந்தது. பெட்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"சீட்டை மடிச்சா ஆளு எங்க உக்காரும் மோளே?"

"எத்தனை பேரு போறீங்க?"

"ரெண்டு பேரு."

"முன்னாடி ரெண்டு சீட்டு இருக்கே அங்கிள். திரும்பி வரும்போது பெட்டியும் இருக்காது, நீங்க மட்டும்தானே? சீட்டை எடுத்து மறுபடி நிமித்திக்கலாம். ரொம்ப ஈஸி."

குரியாச்சன் மடிந்த சீட்டைத் தானே நிமிர்த்தப் பார்த்தார். எந்தக் கொக்கியைப் பிடிப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார். ஷெரின் உதவிக்குப் போனாள். நான் சுவரில் ஓடிய விளம்பரப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரிய மலை ஏறிக்கொண்டிருந்தது. அறைய வேண்டும் போலிருந்தது.

வண்டி எடுத்தால் அவள் போவாள். எடுக்காதவரை இருப்பாள். இவ்வளவு எளிய கணக்கு எக்கனாமிக்ஸ் டீச்சருக்கு இத்தனை நாள் பிடிபடவில்லை.

5

லில்லிக்குட்டியைப் பற்றி நான் இதுவரை எழுதியதில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. போகிறவள் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்திருந்தால் பழி என்மேல்தான். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்ல நான் விருந்தாளி டீச்சரே. கடுகு எங்க இருக்குன்னு அவர்கிட்டதான் கேக்கணும். மீன்காரன் கூட என்னைப் பாத்து, 'சேட்டன் இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போறான். அங்க என்னை 'சிஸ்டர், சிஸ்டர்'னு ஒரு வார்டே கூப்பிடும்."

"அவரு உன்னை இருக்கச் சொல்லலையா?"

"எப்போ சொன்னாரு? முதல் தடவை போனப்பவும் சொல்லல. பெட்டியைத் தூக்கி டாக்ஸியில வெச்சுட்டு, 'பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா'ன்னு கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான். அவருக்கு நான் போறதுல கஷ்டமா, நிம்மதியான்னே எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

நான் மதில் ஏறிக் குதித்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதை கெட்டுவிடும் என்று ஒரு பக்கம். அது என் வாயால் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை என்று இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் கனமாக இருந்தது என்று கேட்காதீர்கள்.

6

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

முதல் முடிவு: இளையவன் வருகிறான். சர்ச் முன்னால் நிறுத்தி, அச்சன் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கிறார். அடுத்த பயணம் நெடும்பாசேரி. அவள் ஓட்டுகிறாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பின்சீட் மடிந்திருக்கிறது. திரும்பும்போது அந்தச் சீட்டை நிமிர்த்த அவர்

[இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.]

இரண்டாவது: யாரும் எதுவும் முடிவு செய்யாமல் வேலைக்குப் பதில் சொல்லக் கெடுவான இந்த மாதக் கடைசி வந்துவிடுகிறது. அயர்லாந்துக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறார்கள். அவள் இருந்துவிடுகிறாள். சுபம் என்று போட்டேன். போட்ட பிறகு உறுத்தியது. யாரும் இருக்கச் சொல்லாமல் ஒருத்தி இருந்துவிட்டால், அதற்குப் பேர் இருப்பதா, பஸ்ஸைத் தவறவிட்டதா?

மூன்றாவது: குரியாச்சன் "போகாதே எடீ" என்கிறார். எழுதிப் பார்த்தால் டிவி சீரியல் மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த குரியாச்சன் அந்த வார்த்தை வரைக்கும் வந்து, இருமிவிட்டு, டயரை உதைத்துப் பார்ப்பார்.

இதற்கிடையில், நான் எந்த முடிவையும் எடுக்காமல் இருந்தபோது, அவர்களே ஒன்று செய்தார்கள். போன வியாழக்கிழமை. மூன்று பேரும் ஷோரூமில் இருந்தோம். குரியாச்சன் திடீரென்று, "போதும். இளையவன். வெள்ளை. எழுதிக்கோ மோளே," என்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை இனியும் பிடித்து வைப்பது நியாயமில்லை என்று ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார். என்னைக் கேட்டால், மனிதர் அன்றுதான் அவளை நிஜமாகவே போக விட்டார்.

ஷெரின் பேனாவைத் திறந்தாள்.

"வெள்ளை வேண்டாம்," என்றாள் லில்லிக்குட்டி. "மழையில சேறு அடிச்சா பாக்கச் சகிக்காது. அந்த நீலம் இருக்கா?"

"நீலம் வர மாசக்கணக்காகும் ஆண்ட்டி."

"ஆகட்டுமே. காத்திருக்கலாம்." பிறகு, யாரையும் பார்க்காமல், "மூத்தவன்லயும் நீலம் இருக்கான்னு ஒரு தடவை போய்ப் பாக்கணும் இச்சாயா. அவசரப்பட்டு எடுக்கக்கூடாது," என்றாள்.

குரியாச்சன் தன் மனைவியைப் பார்த்தார். இருமினார். பக்கத்தில் நின்ற வண்டியின் டயரை உதைத்துப் பார்த்தார்.

7

இன்று காலை லில்லிக்குட்டி மதிலருகே வந்தாள். மாதம் முடிய இன்னும் சில நாள்தான். உள்ளே குரியாச்சன் கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது.

"எங்களை வெச்சு ஏதோ எழுதறீங்களாம்? ஷெரின் சொன்னா."

வியாழக்கிழமை ஷெரினிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன், மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்றேன்.

"அதுல அவரு சொல்லிடறாரா?"

எதை என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் இல்ல."

அவள் கொடியில் கிடந்த அவருடைய வேட்டியை எடுத்து மடித்தாள். ஒரு தடவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"சொன்னாருன்னா உடனே வந்து என்கிட்ட சொல்லுங்க டீச்சரே. பெட்டி கட்டி வெச்சிருக்கேன். பிரிச்சுடறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வந்து கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னால் அவரைச் சொல்ல வைக்க முடியவில்லை. நான் எழுதினால் இருமிவிடுகிறார். உங்களிடம் அவருக்கு இன்னும் கூச்சம் வந்திருக்காது. நீங்கள் முயன்று பாருங்கள். வரியைத் தொடங்கி வைத்திருக்கிறேன்:

குரியாச்சன் அடுப்பை அணைத்துவிட்டு, கடுகு டப்பாவை அவள் கையில் கொடுத்து,