பேரிங் குழிக்குள் ஊதா

என் பெயிண்டைக் குறை சொல்கிறவன் தைச்சுங் ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்று இருபத்தெட்டு வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். மலைச் சைக்கிள் பிரேம்களுக்கு வண்ணம் அடிப்பது என் வேலை. பட்டறையில் எல்லாரும் பீயுன் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த மாதம் எல்லாருடைய உயிரையும் வாங்கியது ஷின்நிங் வடிவமைத்த பிரேம். முப்பது வயசுகூட ஆகாத பெண். பின்சக்கரம் கல்லில் ஏறும்போது குலுக்கலைத் தாங்கும் ஷாக் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று இரண்டு வருஷம் கணக்குப் போட்டிருந்தாள். வண்ணம் அடிக்காத முதல் பிரேமை ஆ-சுங் மலையில் ஓட்டிவிட்டு வந்து, "வேர் மேல போறதே தெரியலக்கா, மெத்தையில போற மாதிரி இருக்கு!" என்று குதித்தான். வண்டியைக் கோர்ப்பதும் அவன்தான், ஓட்டிப் பார்ப்பதும் அவன்தான். வெல்டிங் உள்ளே எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க அந்தப் பிரேமை அறுத்தாகிவிட்டது. இரண்டாவது பிரேம், எங்களிடம் வண்டி வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் வந்து பார்க்க. அவர்களுக்குப் பிடித்தால் இந்த வடிவத்துக்குப் புது அச்சு செய்வார்கள், இல்லாவிட்டால் பழைய வடிவமே தொடரும்.

நான் விடுவேனா? வெயிலில் ஊதா, நிழலில் பச்சை. மூன்று பூச்சு ஏற்றி மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் அடித்தேன். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதை ஓட்டிவிட்டு வந்த ஆ-சுங் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நழுவப் பார்த்தான். முதலாளி காவ் அதட்டிய பிறகுதான் சொன்னான்.

"சின்னக் கல்லுக்கெல்லாம் தூக்கிப் போடுது முதலாளி. ஷாக் ஆரம்பத்துல அசையவே மாட்டேங்குது."

ஷின்நிங் ஷாக்கை மாற்றினாள், அதற்குள் காற்றைக் குறைத்தாள், மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டாள். எந்திரம் அடம்பிடித்தால், சொன்னபடி கேட்கும் என்று பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றைப் பக்கத்தில் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அதையும் வைத்துப் பார்த்தாள்.

"தேதி தாண்டினதை வெச்சிருக்கியாடி? அதான் கோவிச்சுக்கிச்சு" என்று நான் வேறு கிண்டல் செய்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி கையை விரித்துவிட்டார். "நாளைக்கு வராங்க. பழைய பிரேமையே காட்டிடலாம். உன் டிசைனை எடுத்து வெச்சிடும்மா."

"சரிங்க. முதல் பிரேம் ஏதோ அதிர்ஷ்டத்துல நல்லா ஓடியிருக்கு. என் கணக்குதான் தப்பு" என்றாள் ஷின்நிங்.

அவள் போன பிறகு என் பிரேமைப் பத்திரமாகச் சுற்றி வைக்கலாம் என்று ஷாக்கைக் கழற்றினேன். ஷாக் இல்லாவிட்டால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின்சட்டம் தன் கனத்திலேயே கீழே விழ வேண்டும். அது பாதியில் அப்படியே நின்றது. சட்டம் அசையும் மூட்டிலிருந்த பேரிங்கைத் தட்டி எடுத்து, குழிக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே ஊதா.

பேரிங் குழியை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டுத்தான் வண்ணம் அடிக்க வேண்டும். மூடியை எடுத்தால் ஓரத்தில் சொரசொரப்பாக ஒரு கோடு நிற்கும். என் வண்ணத்தில் அப்படி ஒரு கோடா என்று, மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தேன். டேப் எழும்பி, பூச்சு உள்ளே இறங்கிவிட்டது. குழி சிறுத்ததால் பேரிங் நசுங்கிப் போய்ச் சுற்றாமல் கிடந்தது. கோர்க்கும்போதே ஆ-சுங் "உள்ள போக மாட்டேங்குதுக்கா" என்றான். "காலையில ஒழுங்கா சாப்பிட்டியா?" என்று அவன் வாயை அடைத்தவள் நானேதான்.

சும்மா இருந்திருக்கலாம். குழிக்குள் எவனும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு பிரேமைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனேன். ஷின்நிங் அங்கே தன் வரைபடங்களைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ கணக்கு சரி முதலாளி. நான் மூடி போடாம அடிச்சிட்டேன்."

"மூடி போடலையா? நேத்து சேர்ந்தவன்கூடப் பண்ண மாட்டானே அதை!"

"ஆமா, அவன் பண்ண மாட்டான். நான்தான் பண்ணேன்."

"இப்பக் குழியைக் கடைஞ்சா வெளி வண்ணமும் பெயருமே. நாளைக்கு அவங்க வரப்ப?"

"பெயரட்டும்."

நானே கடைந்தேன். குழி ஓரமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது, என் வயிறு எரிந்தது. ஆ-சுங் புது பேரிங் போட்டான். பின்சட்டத்தைத் தூக்கி ஷின்நிங் கையில் கொடுத்து, "விடு" என்றேன்.

விட்டாள். தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள், விட்டாள். நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தாள். முதலாளி, அவள் சுருட்டிக் கொடுத்த வரைபடங்களைப் பிரித்து மேஜையில் விரித்து, "ஆ-சுங், ஷாக்கை மாட்டு. நாளைக்கு இதையே காட்டுறோம்" என்றார்.

கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனை எடுத்தாள்.

"அம்மா, வேலையை விட்டுட்டு வரேன்னு சொன்னேன்ல? வரலம்மா. என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. தப்பா? அது பீயுன் அக்கா பண்ணது."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு உதிர்ந்த ஊதாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அம்மாவுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை போலிருக்கிறது, அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"பீயுன் அக்கா! பெயிண்ட் அடிக்கிறவங்க!"