இரண்டு கிலோ எண்ணூறு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அக்காவுக்கு எழுதித்தர வேண்டிய விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. "ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்" என்று மருத்துவமனை கொடுத்த தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நீதான் கதையெல்லாம் எழுதுறியே, ஒரு பக்கம் எழுதிக் குடு" என்றாள். கதை எழுதுகிறவனுக்குக் கடிதம் எழுத வராது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

மதிப்பிற்குரிய ஐயா, மூன்று மாதத்துக்கு முன்பு பதினான்காம் தேதி காலை நான்

(அடித்துவிட்டேன். அவளுடைய 'நான்' என் பேனாவில் பொய்யாக ஒலித்தது.)

மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டி, ஒரு பூட்டிய அறை

(இது கடிதமே இல்லை. ஆனாலும் இதைத்தான் தொடரப்போகிறேன்.)

2

அந்த அறையின் சாவி அக்காவிடம் இருக்கும். வார்டுகளிலிருந்து வரும் கழிவுப் பைகளை எடைபோட்டு, ஒட்டுச்சீட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி, எடுத்துப்போகும் வண்டி வரும்வரை பூட்டிவைப்பது அவள் வேலை. பதினொரு வருடமாக. கூட வேலை செய்கிறவர்கள் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடிதத்துக்காக விதிமுறைப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். குழாய், கையுறை சிவப்புப் பை. கண்ணாடி நீலப் பெட்டி. ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பா. இரத்தம் தோய்ந்த பஞ்சு, துணி, மனித உறுப்பு, திசு, உயிர்பிழைக்கும் பருவத்தை எட்டாத கரு: மஞ்சள். கட்டிய பையைத் திரும்ப அவிழ்க்கக் கூடாது. இரண்டு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது.*

* பஞ்சுக்கும் கருவுக்கும் இடையில் நான்கே காற்புள்ளிகள். புத்தகத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஊர் முழுக்க நோய் பரவாமல் இருப்பது இப்படிப்பட்ட வரிகளால்தான். ஆனால் அந்த வரியை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

3

பதினான்காம் தேதி காலை, வண்டி வருவதற்கு அரைமணி நேரம் முன்பு, ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்கு நடந்து வந்தாள். வார்டு நைட்டி, கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. ஐந்தாம் மாதத்தில் முந்தினநாள் கலைந்துவிட்டிருந்தது. தலைப்பிள்ளை. "பார்க்காதே, பார்த்தா மறக்கமாட்டே" என்று சுற்றியிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிவிட்டார்கள். உடல் எங்களுக்கு வேண்டாம் என்று புருஷன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அக்கா, என் பிள்ளை இங்கதான் இருக்கா?"

"நீ இங்க வரக் கூடாதும்மா. போய்ப் படு."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

"கட்டின பையை அவிழ்க்க எனக்கு அனுமதி இல்லம்மா."

அந்தப் பெண் அழவில்லையாம். சத்தம் போடவும் இல்லை. கொஞ்ச நேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு, "பிள்ளை பிறந்தா எடை எழுதுவாங்கல்ல. என் பிள்ளைக்கும் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அக்கா பதிவேட்டைத் திறந்தாள். தேதி, வார்டு, மஞ்சள், இரண்டு கிலோ எண்ணூறு. அது பையின் எடை. ஒருநாள் முழுதும் அந்த வார்டில் சேர்ந்த பஞ்சும் துணியும் எல்லாம் சேர்த்து. குழந்தை கால் கிலோ இருந்தால் அதிகம்.

"ரெண்டு கிலோ எண்ணூறு," என்று வாசித்தாள்.

"என் பிள்ளையா?"

அக்கா தலையாட்டினாள்.

4

இந்த இடத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. 'அக்கா கத்தரிக்கோலை எடுத்துப் பையின் கட்டை வெட்டினாள்' என்று எழுதினேன். அழுகை, வெள்ளைத் துணி, ஓடிவரும் நர்ஸ் என்று ஒரு பக்கம் வளர்த்தும்விட்டேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எங்கடா வெட்டினேன்?"

"கதைக்கு நல்லா இருக்கும்க்கா."

"உள்ள என்ன நிலைமையில இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அதை ஒரு தாய்க்குக் காட்டச் சொல்றியா?" பிறகு மெல்லச் சொன்னாள்: "அந்த எண்ணைக் கேட்டதும் அவ முகம் கொஞ்சம் தெளிஞ்சுதுடா. நல்ல எடைன்னு சொன்னா. வண்டி கிளம்புறவரைக்கும் நின்னு பார்த்துட்டுப் போனா."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

5

மூன்று மாதம் கழித்து, பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்க அந்தப் பெண் போயிருக்கிறாள். கொழுகொழுவென்ற பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ எழுநூறு என்று யாரோ சொன்னார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு யோசித்திருக்கிறாள். யோசித்ததைப் புகாராக எழுதி மருத்துவமனையில் கொடுத்தாள்: 'என் குழந்தை முழு வளர்ச்சியோடு பிறந்தது. பிழைக்க வேண்டிய குழந்தையை மஞ்சள் பையில் போட்டுவிட்டார்கள். சாட்சி, அந்த ஊழியரின் பதிவேடு.'

ஆறுதல் என்று அக்கா கொடுத்தது மூன்று மாதம் கழித்து அவள் மடியில் நெருப்பாகிவிட்டது.

6

கடிதத்தை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில், அக்கா எடையை வாசித்தாளே தவிரத் தலையாட்டவே இல்லை. அந்தப் பெண்தான் தவறாகப் புரிந்துகொண்டாள். வேலைக்கு ஆபத்தில்லை. இன்னொன்றில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள்.

அக்கா இரண்டையும் படித்தாள். "இதுல எதைக் குடுத்தாலும் ஆபீசர்தான் படிப்பார். அவளுக்கு யார் சொல்றது?"

"விசாரணையில அவங்களே சொல்லிடுவாங்கக்கா."

"பத்துப் பேர் நடுவுல, உன் பிள்ளை கால் கிலோதான், மிச்சமெல்லாம் பஞ்சுன்னு படிச்சுக் காட்டுவாங்க. அதுக்கு நான் செத்துப்போகலாம்."

மறுநாள் காலை விலாசத்தை விசாரித்துக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். தெருமுனையில் ஒரு செருப்புக்கடையோரம் என்னை நிறுத்திவிட்டு, "நீ வராதே. வந்தா எழுதிடுவே," என்றாள்.

பச்சைக் கதவு திறந்தது. ஒல்லியான ஒரு பெண். பிறகு அக்கா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அவள் சேலைத் தலைப்பு தோள்பட்டையில் நனைந்திருந்தது. அது யாருடைய கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

7

நடந்தது இவ்வளவுதான். அக்கா தன் கையெழுத்திலேயே ஐந்து வரியில் கடிதம் எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது. அவளைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். இப்போது வேகவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அந்தப் பெண் அக்காவை அறைகிறாள். ஒன்றில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மூன்றாவதில் அக்கா சொல்ல வாயெடுக்கும்போது அவள் தடுத்து, "எனக்குத் தெரியும், நீங்க சொல்லாதீங்க," என்கிறா—

மூன்றையும் விட்டுவிட்டேன். அந்த வீட்டுக்குள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள். நான் வரவில்லை.