கறுப்பு எழுத்துக்கு நீல மை

கடையில் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர். வியாதியால் வந்த பெயர் இல்லை, வாயால் வந்தது. வெயிலுக்கு ஒதுங்கி வாசலில் நிற்பவரைக்கூட உள்ளே கூப்பிட்டுப் பேசிப் பேசியே கையில் ஒரு பெட்டியோடு அனுப்பிவிடுவான். மூன்று மாடி எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டாவது மாடி அவன் ராஜ்ஜியம். கம்ப்யூட்டரும் பிரிண்டரும். பிரிண்டரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு மையில் பிடித்துக்கொள்வார்கள் என்பது அங்கே தரை துடைப்பவருக்கும் தெரியும்.

அவனுடைய சொந்த அக்கா அங்கே வந்தது ஒரு மாசக் கடைசியில். அவனுக்கு அந்த மாத இலக்குக்கு ஒரே ஒரு பிரிண்டர் குறைந்தது. மேனேஜர் காலையிலிருந்து நாலு தரம் வந்து, "ஒண்ணு, சர்க்கரை. ஒண்ணே ஒண்ணு" என்று விரலைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

அக்கா ஒரு சின்னக் கல்லூரியின் அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். கணவர் போய் நாலு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை அவள்.

"வாசல் ரூம்ல ஒரு மேஜை போட்டு, இருக்குற பழைய கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் நிரப்பிப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "ஜெராக்ஸ் எடுக்கணும்னா எங்க தெருவுலேர்ந்து பஸ்ல நாலு ஸ்டாப் போகணும். எல்லாரும் நம்மகிட்டதான் வருவாங்க. எந்த மெஷின் நல்லாயிருக்கும், நீயே பாத்துச் சொல்லு. எனக்கு என்ன தெரியும்?"

கீழ்த் தட்டில், மையைப் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்கிற பெரிய மெஷின் இருந்தது. விலை மூன்று மடங்கு. ஆனால் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். ஆனால் அதை விற்றால் அந்த மாத இலக்கில் சேராது. அவன் கண் அதன்மேல் போனது நிஜம். ஆனால் கை மேல் தட்டுக்குப் போய்விட்டது.

"இதை எடுத்துக்கக்கா. ஆஃபர் இன்னியோட முடியுது. மை உள்ளயே போட்டு வருது."

அதில் பொய் ஒன்றும் இல்லை. உள்ளே வரும் மை பாதிகூட இருக்காது என்பதையும், நாலு நிறத்தில் ஒன்று தீர்ந்தாலும் மெஷின் மொத்தமாகப் படுத்துக்கொள்ளும் என்பதையும் அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. அவளே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். போகும்போது, "உன் புண்ணியத்துல ஒரு வழி பிறக்குது" என்றாள்.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. ரேஷன், வேலை, பரீட்சை என்று தெருவில் யாராவது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். பிறகு போன் வர ஆரம்பித்தது.

"காலையில சுவிட்சைப் போட்டதும் அதுபாட்டுக்கு உறுமுதுடா. நான் ஒண்ணுமே அடிக்கல."

"சுத்தம் பண்ணிக்குதுக்கா. நல்லதுதான்."

எதை வைத்துச் சுத்தம் பண்ணிக்கொள்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. மைதான். அவள் காசு போட்டு வாங்கிய மையைத் தினம் காலையில் குடித்துத் துப்பிக்கொண்டிருந்தது அது.

மை வாங்கக் கடைக்கு இரண்டு முறை வந்தாள். மூன்றாம் முறை யாரோ சொன்னார்கள் என்று நடைபாதைக் கடையில் விலை குறைந்த மையை வாங்கிப் போட்டாள். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மெஷின் தானாக என்னவோ அப்டேட் செய்துகொண்டு, இந்த மை செல்லாது என்று திரையில் எழுதிவிட்டது. அக்கா அதை ஒரு தண்டனை மாதிரி எடுத்துக்கொண்டாள். "அல்பப் புத்திக்கு எனக்கு இது வேணும்" என்றாள் போனில். அவன் சிரித்து மழுப்பினான்.

அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கொத்தனார் இருந்தார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தவள். மேல்படிப்புக்கு ஓர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்கிறது என்று கேள்விப்பட்டு அக்காதான் அவளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள். இருபத்திரண்டு பக்கம், இரண்டு பிரதி. கையெழுத்துப் போட்டுக் கடைசி நாள் மதியம் ஒரு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். ஒரு சான்றிதழ் வருவதற்காகக் காத்திருந்ததில் கடைசி நாள் காலைதான் எல்லாம் கையில் சேர்ந்தது.

முதல் பிரதி வந்தது. இரண்டாவதில் ஆறாம் பக்கத்தோடு மெஷின் நின்றது. நீல மை தீர்ந்துவிட்டதாம்.

அக்கா திரையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தாள் முழுக்கக் கறுப்பு எழுத்து. ஒரு பொட்டு நிறம் கிடையாது. அணைத்துப் போட்டாள். மை டப்பாவைக் கழற்றிக் குலுக்கி மறுபடி மாட்டினாள். பிறகு தம்பிக்குப் போன் செய்தாள்.

அந்த நேரம் அவன் ஒரு புதுமணத் தம்பதிக்கு அதே மெஷினை விளக்கிக்கொண்டிருந்தான். பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அக்கா. பேச்சு நூல் அறுந்தால் ஆள் கைநழுவிப் போய்விடும். அடக்கிப் பையில் போட்டான். இன்னும் இரண்டு முறை அதிர்ந்தது.

அக்கா பென் டிரைவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து ஓடினாள். ஜெராக்ஸ் கடையில் கடைசி நாள் கூட்டம். அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்று இருபது. ஜன்னலை மூடிவிட்டார்கள். அக்கா கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், கையில் இருந்த கட்டைக் காட்டினாள். உள்ளேயிருந்த ஆள் தலையைத் தூக்கவே இல்லை.

கொத்தனார் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, "பரவால்லம்மா. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க?" என்றார். அந்தப் பெண் தாள்களின் ஓரத்தை விரலால் நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவன் திரும்பக் கூப்பிட்டான். அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "கறுப்பு எழுத்துக்கு நீலம் எதுக்குடா? நான்தான் எதையோ தப்பா அழுத்திக் கெடுத்துட்டேன் போல. அன்னிக்கு அந்த மட்ட மையைப் போட்டேனே, அதுதானே?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"பாத்துப் பண்ணியிருக்கணும்க்கா" என்றான்.

 "ஆமா" என்றாள் அக்கா.

அன்று ராத்திரி அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மை வாங்கக் கடைக்கு வந்தாள். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். கவுன்ட்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்கா காலி டப்பாவைக் காட்டியதும் அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள்.

"இந்த மாடலா? இதை யாரும்மா உங்க தலையில கட்டினது? இது வீட்டுல என்னிக்கோ ஒருநாள் நாலு பக்கம் எடுக்குறவங்களுக்கு. ஒரு கலர் போனா எதுவுமே வராது. முதல்ல உள்ள இருக்குற மையும் பாதிதான்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் தெரியும்மா இங்க. ஆனா நாங்களா சொல்லக் கூடாது, அவங்களா கேட்டா மட்டும் சொல்லலாம்."

அவன் மாடிப்படி ஏறி வந்தபோது இந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் காலி டப்பாவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "மை வேண்டாம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, கொஞ்சம் நில்லு. எல்லாருக்கும் அப்படித்தான்க்கா விக்கிறோம். உனக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணல."

"நான் எல்லாருமாடா?" என்றாள்.

அவன் பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

"மெஷினை வித்த, சரி. வயித்துப் பொழப்பு, விட்டுடலாம். போன்ல நான் அழுதேனே, அப்ப என்னடா சொன்ன? பாத்துப் பண்ணியிருக்கணும்னு சொன்ன. ரெண்டு வாரமா தூங்கல நான். அந்த வீட்டு வழியாப் போக மூஞ்சி இல்லாம பின் சந்தால சுத்திப் போறேன்."

"நான் என்ன பண்ணணும், சொல்லு."

"அந்தக் கொத்தனார் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். கொத்தனார் வாசலில் பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். துணிக் கடை, ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். அவன் நின்றபடியே சொன்னான். அக்கா மேல் தப்பில்லை என்றான், மெஷினே அப்படித்தான் என்றான், தெரிந்தேதான் விற்றேன் என்றான். பேசிப் பழகிய வாய் வாக்கியத்துக்கு வாக்கியம் தடுக்கியது. கொத்தனார் கடைசிவரை கேட்டார்.

"அவங்க மேல தப்புன்னு நாங்க எப்பப்பா சொன்னோம்?" என்றார். "இனிமே யார் மேல தப்பா இருந்தா என்ன? மூட்டை வச்சிருக்கேன், ஒரு கை பிடிக்கிறியா?"

சிமென்ட் மூட்டையை உள்ளே வைக்க ஒரு கை கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் கடையில் ஒரு பெரியவர் அதே மாடலைக் கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி எதிர்க் கடைக்குப் போய் அதையே வாங்கிக்கொண்டு போனார். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையென்றால் லீவு போட்டுக்கொள் என்றார். வீட்டு வாடகை, மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவர்களாகக் கேட்டாலொழிய. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அக்கா அந்த நாலு ஸ்டாப் தள்ளியிருந்த ஜெராக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தூக்கிக் கொஞ்சினாள், அவன் மனைவிக்குத் தலை வாரிவிட்டாள். அவனிடம், "டிஸ்சார்ஜ் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி எடுக்க அவன் அந்தக் கடைக்குப் போனான். வேறு கடை இல்லாமல் இல்லை. அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. தாளை வாங்கி, "எத்தனை?" என்றாள்.

"மூணு."

எடுத்து, ஓரம் தட்டி அடுக்கிக் கொடுத்தாள். அவன் நகராமல் நின்றான். பின்னாலிருந்தவர் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அம்மா, எனக்கு ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்றார். அக்கா அவருடைய தாளை வாங்கிக்கொண்டாள்.