உதடு மடித்த பெண்

புதிய பணநோட்டு வரிசையில் தலைவர்கள் யாரும் வேண்டாம் என்று முடிவான நாளில்தான் அச்சகத்துச் செதுக்குக்காரிக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஒரு தலைவரைப் போட்டால் இன்னொரு தலைவரின் ஆட்கள் கோபிக்கிறார்கள். அதனால் படகு கட்டுகிறவர், பாடம் நடத்துகிறவர், விதை தூவுகிற பெண் என்று ஊர்பேர் தெரியாத உழைப்பாளிகளையே போடுவது என்று குழு தீர்மானித்தது. ஒரே ஒரு நிபந்தனை: உயிரோடு இருக்கும் யாருடைய முகமும் அதில் தெரியக் கூடாது.

விதை தூவுகிற பெண் அவள் பொறுப்புக்கு வந்தாள். அவள் வரைந்த முதல் முகம் சினிமாக்காரி மாதிரி இருக்கிறது என்று திரும்பியது. இரண்டாவது, விதையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுமூஞ்சி. மூன்றாவதைப் பார்த்துக் குழுவில் ஒருவர், "இது எங்க மாமியார்" என்று அலறியதாகக் கேள்வி. நான்காவதை எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார்கள்.

அதன் பிறகு எஃகுத் தகட்டில் வேலை. இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் செதுக்க வேண்டும். கன்னத்தின் நிழலுக்கு ஒரு கோடு, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி என்று பூதக்கண்ணாடிக்குள்ளேயே மாதங்கள் போயின. அச்செடுத்துப் பார்த்தபோதும் கோடு உடைந்திருக்கிறதா, மை தேங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தாள். முழு முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அக்காதான். தையல்கடை வைத்துப் படிக்கவைத்ததும் அவள்தான். "பத்து நாள் வந்து கூட இரு" என்றாள் அக்கா.

"இப்ப வரமுடியாதுக்கா. வேலை."

"அப்படி என்ன வேலை?"

"சொல்லக்கூடாது."

"எங்கிட்டயே சொல்லக்கூடாத வேலையா? நல்லா இரும்மா."

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? அதோடு பேச்சு நின்றுபோனது. இவள் அழைத்தால் மணி அடித்து ஓயும்.

நோட்டு வெளிவந்த மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வாசல்மணி அடித்தது. கைத்தடியுடன் அக்கா நின்றாள். உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை. ஒரு நோட்டை மேசையில் வைத்தாள்.

"இது யாருடீ?"

"விதை தூவுற பொம்பளை."

"கடைக்கு வர்றவங்க எல்லாம் ஏன் நோட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க? கேக்காம கொள்ளாம என்னைப் போட்டிருக்கே!"

செதுக்குக்காரி நோட்டைக் கையில் எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அக்கா கீழுதட்டை ஒரு பக்கமாக மடித்துக்கொள்வாள். நோட்டுப் பெண்ணும் அப்படியே மடித்துக்கொண்டு, விதையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. கை பாட்டுக்குப் போட்டிருக்கு."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். "அப்போ இதுதான் அந்த வேலையா?" என்றாள் மெதுவாக. "ஆஸ்பத்திரியில உன்னைத் திட்டாத நாளில்லை. நீ இங்க என் மூஞ்சியைக் கட்டிட்டு அழுதிருக்கே."

இரண்டு நாள் கழித்து, கடைக்கு வருகிறவர்களின் பேச்சைக் கேள்விப்பட்டு ஒரு பத்திரிகைக்காரர் தையல்கடைக்கே போய்விட்டார். அக்கா அவரை வாசலோடு அனுப்பினாள்: "உலகத்துல உதட்டை மடிக்கிறவ நான் ஒருத்திதானா? அளவு குடுக்க வந்தீங்கன்னா நில்லுங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க." இதைச் சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள். செதுக்குக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்காக அக்கா பொய் சொல்வது அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அச்சக இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்களா வந்து சொல்லலேன்னா இது அப்படியே போயிருக்குமே."

"போயிருக்கும் சார். ஆனா எவனாவது கேக்கும்போதெல்லாம் எங்கக்கா நான் இல்லேன்னு சொல்லிட்டே இருக்கணுமே."

வெளிவந்த நோட்டுகளைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த அச்சுக்குள் வாயை மட்டும் மாற்றிவிட வேண்டும், அதையும் அவளே செய்ய வேண்டும் என்று ஆனது. எஃகில் கோட்டை அழிப்பது லேசான காரியமில்லை. தகட்டின் பின்பக்கம் தட்டி, அந்த இடத்தை மேடாக்கி, மழுங்கத் தேய்த்து, மறுபடி செதுக்க வேண்டும். இந்தத் தடவை என்ன செய்கிறோம் என்று கைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. புதிய உதடு நேராக, அழகாக வந்தது. விதை எங்கே விழுந்தால் என்ன என்பதுபோல் இருந்தாள் அந்தப் பெண்.

முக வேலையிலிருந்து அவளை எடுத்து, ஓரப்பூவேலைக்கும் எண்களுக்கும் மாற்றினார்கள். அந்த நோட்டு வரிசையின் வரலாற்றைச் சொல்லும் அதிகாரப்பூர்வப் புத்தகத்தில், 'இரண்டாம் அச்சில் பெண்ணின் முகத்தில் சிறு திருத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. காரணம் அதில் இல்லை.

சனிக்கிழமைகளில் அவள் தையல்கடைக்குப் போகிறாள். ஒருநாள் அக்கா பழைய நோட்டு ஒன்றைக் காய்கறிக்காரரிடம் நீட்டுவதைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, அது முதல் அச்சுக்கா! ஒண்ணாவது எடுத்து வைக்கக்கூடாதா?"

"வச்சு என்ன பண்ண?" என்றாள் அக்கா, வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி. "நான்தான் வீட்டுலயே இருக்கேனே. வேணும்கிறப்ப வந்து பாரு."