பருத்தி வலை அடைத்த பொம்மைகள்

சவுக்குமேட்டுக் குப்பத்துப் பால்வாடியில் துணி யானை முதன்முதலாக நடுங்கியது 1976 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அன்று நெத்திலி நல்ல வரத்து என்பதால் குப்பத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. பால்வாடி ஆயா ஆதியம்மாள் மட்டும் உப்புமா கிளறிய கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், ஆனைக்குக் குளிரா?" என்று கேட்டாள். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

டீச்சர் கோமளம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஐந்து வயதுக்குள் குழந்தைக்குக் கட்டிக்கொள்ள மெத்தென்று ஒரு பொம்மை வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பொம்மைக்குச் சோறூட்டினால் பேச்சு வரும், அதைத் தூங்கவைத்தால் பொறுமை வரும், அடுத்த குழந்தைக்குக் கொடுத்து வாங்கினால் உறவு வரும். சொன்னவர்கள் பொம்மை கொடுக்கவில்லை, பதிவேடுதான் கொடுத்தார்கள். கோமளம் லேசில் விடுகிறவள் இல்லை. தன் பழைய புடவைகளைக் கிழித்துப் பன்னிரண்டு பொம்மைகள் தைத்தாள். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு கிடைக்கவில்லை. அந்த வருஷம் குப்பமே நைலான் வலைக்கு மாறியிருந்தது; நீலமேகம் என்ற மீன்காரன் தன் பழைய பருத்தி வலையைக் கொண்டுவந்து போட்டான். இருபது வருஷம் கடலில் கிடந்து மீன் பிடித்த வலை. கோமளம் அதைத் துண்டு துண்டாக வெட்டி, பன்னிரண்டு வயிறுகளிலும் திணித்து, நூலைப் பல்லால் கடித்து முடித்தாள்.

குழந்தைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். நீலமேகத்தின் மகள் தனக்கோடிக்கு மூன்றரை வயது. அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டால் வாசல்படி தாண்டமாட்டாள். அவள் யானையை எடுத்தாள். சாலை போட வந்த கூலிக் குடும்பத்துப் பெண் மேரிக்கு நான்கு வயது. லாரி ஹாரன் கேட்டால் அலறி அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொள்வாள். அவள் வாத்தை எடுத்தாள். பத்தே நாளில் பேச்சு வராத குழந்தைகளெல்லாம் பொம்மைகளோடு ஊர்வம்பு பேசினார்கள். ஒரு மாதத்தில் அழுகை நின்றது. விழுந்தாலும் அழவில்லை, ஊசி போட்டாலும் அழவில்லை. பதிவேட்டில் முன்னேற்றம் என்ற கட்டத்தில் கோமளம் அதைக் குண்டு குண்டாக எழுதிவைத்தாள். தாய்மார்களும் சந்தோஷப்பட்டார்கள், யார்தான் படமாட்டார்கள்.

அப்புறம்தான் நடுக்கம். அலை ஓங்கி அடித்தால் யானை நடுங்கியது. சாலையில் ஹாரன் கேட்டால் வாத்து நடுங்கியது. நாய்க்குப் பயந்த பையனின் கரடி, நாய் குரைத்ததும் வெடவெடவென்று ஆடியது. பிள்ளைகளின் பயமெல்லாம் பொம்மைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பது புரிய யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. நீலமேகம் யானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வலை என்றால் பிடிக்கத்தானே செய்யும், துண்டாக வெட்டினால் மட்டும் தொழிலை மறந்துவிடுமா என்றான். "புட்ச்சுகினு கீது, அவ்ளோதான். ஒதறினா வுழுந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கட்டுமரம் தள்ளப் போய்விட்டான்.

மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்காகக் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவார்கள். கடலைச் சுற்றி யார் எழுப்புவது? குப்பத்தில் பயம்தான் சுவர். தனக்கோடி இப்போது அலை திரும்பும் இடத்தில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தாள். மறுநாள் முழங்கால் தண்ணீர். அதற்கு மறுநாள் இடுப்பளவு. அவள் அம்மா வச்சலா மாமல்லபுரத்தில் கூடை வைத்து மீன் விற்கிறவள்; பயம் போன பிள்ளையைப் பெற்றதால் ஊர்ப் பயமெல்லாம் அவள் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. மகளின் இடுப்பில் கயிறு கட்டித் தன் இடுப்போடு முடிந்துகொண்டு மீன் விற்றாள். முடிச்சை அவிழ்க்கத் தனக்கோடி இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அதுவும் பதிவேட்டில் முன்னேற்றமாகத்தான் ஏறியது.

வச்சலா பால்வாடிக்கு வந்து யானையைப் பிரித்து உதறச் சொன்னாள். பெற்ற பிள்ளைக்குச் சோறு கொடுக்கலாம், துணி கொடுக்கலாம். பயத்தைக் கொடு என்று எந்தத் தாய் வாய் திறந்து கேட்பாள்? கோமளத்துக்கும் பயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பால்வாடியைப் பார்வையிட அதிகாரி வரப்போகிறார், அழாத பன்னிரண்டு குழந்தைகளை மாவட்டத்தில் வேறு யார் காட்ட முடியும்? "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ வச்சலா, அப்புறம் நானே பிரிச்சுத் தர்றேன்" என்று பொம்மைகளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். புதன்கிழமை சாலை வேலைக் கும்பல் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. மேரி லாரியின் பின்பலகையில் காலை ஆட்டிக்கொண்டு, வாத்து இல்லாமல், சிரித்தபடி போனாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் ஜீப் வந்தபோது கூட்டம் அதைப் பார்க்கத் திரும்பியது. தனக்கோடி மறுபக்கம் திரும்பினாள். வச்சலா பார்க்கும்போது பிள்ளை மார்பளவு தண்ணீரில் நின்றாள். ஆண்கள் எல்லோரும் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். வச்சலா ஓடினாள். அம்மா பிடிக்க வருவது தனக்கோடிக்கு விளையாட்டு. ஓர் அடி இவள் வைத்தால் ஓர் அடி அவள் உள்ளே போனாள். வச்சலா அப்படியே நின்றுவிட்டாள். இனி ஓர் அடி வைத்தால் பிள்ளையைத் தானே கொன்றவளாவாள் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. "டீச்சர், என் புள்ள ஆனயக் குடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

அதிகாரி கையில் வைத்துப் பாராட்டிக்கொண்டிருந்த யானையைக் கோமளம் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தான் கடித்து முடித்த நூலைத் தானே கடித்துப் பிரித்தாள். வச்சலா வலைத்துண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி, மீனை உதறுவதுபோலக் கடலைப் பார்த்து உதறினாள். கண்ணுக்கு எதுவும் விழவில்லை. தனக்கோடியின் சிரிப்பு நின்றது. தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். பின்னால் எழும்பிய அலையைப் பார்த்தாள். பிறகு "யம்மா!" என்று குப்பமே அதிர அலறிக்கொண்டு, விழுந்து, எழுந்து, ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வச்சலா பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். சின்ன உடம்பு நடுங்குவதைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, "பயப்படு கண்ணு, நல்லா பயப்படு" என்று முதுகைத் தடவினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற பத்துப் பொம்மைகளையும் உரியவர்கள் முன்னால் உதறினார்கள். குப்பத்தில் நாலு நாள் அழுகை ஓயவில்லை. ஆதியம்மாள் வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாள். கோமளம் முன்னேற்றம் என்ற கட்டத்தில் 'அழுதாள்' என்று எழுதினாள். அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போட்டார். பொம்மைகளுக்கு இலவம்பஞ்சு வந்தது. தனக்கோடி யானைக்குச் சோறூட்டினாள், அதோடு சண்டை போட்டாள், 1979இல் ஒன்றாம் வகுப்புக்கும் போனாள். கடலை அவள் எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள்.

வாத்தை மட்டும் உதறவில்லை. பக்கத்தில் மேரி இல்லையே, உதறினால் அவள் பயம் யாரிடம் போய்ச் சேரும்? கோமளம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவாஞ்சேரி வரை, எங்கெல்லாம் சாலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாளோ அங்கெல்லாம், பையில் வாத்தோடு போய்த் தேடினாள். லாரிகள் இருந்தன, தார் அடுப்புகள் இருந்தன, அந்தக் குடும்பம் இல்லை. வாத்து இப்போது பால்வாடி அலமாரியில் இருக்கிறது. சாலையில் ஹாரன் கேட்டால் நடுங்கும். ஆதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதைத் தடவிக்கொடுத்து, "நடுங்குடி கண்ணு. நீ நடுங்கற வரிக்கும் அவ எங்கயோ உசுரோட கீறான்னு அர்த்தம்" என்பாள். வருகைப் பதிவேட்டில் மேரியின் பெயரைக் கோமளம் அடிக்கவில்லை. பத்தரை மணி பஸ் ஹாரன் அடித்து, வாத்து நடுங்கியதைப் பார்த்த பிறகுதான், தினமும் அந்தப் பெயருக்கு நேரே வந்ததாகக் குறி போடுகிறாள்.