சுமாரான நீலம்

சூளையைத் திறந்து, ஓடுகளில் முதலாவதை வெளியே எடுத்தேன். நான் கேட்டது நீலம். வந்திருந்தது ஆட்டு ஈரல் நிறம். அடுத்த ஓட்டிலும் நடுவில் சிவந்த திட்டு. இது இரண்டாவது தடவை.

முதல் தடவை கெட்டபோது என்னையே திட்டிக்கொண்டேன். செம்புத்தூள் கூடியிருக்கும், விறகு ஈரமாக இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் அப்படியே ஆனால் அது சூளையின் வேலை இல்லை, யாரோ செய்கிற வேலை. இந்த நார்தாச் ஒன்றும் நேற்றைக்குச் சூளை மூட்டக் கற்றவள் இல்லை. கிண்ணம் வேண்டுமென்றால் தலைநகரத்து அஷ்காபாத்துக்காரர்களே பஸ் பிடித்து எங்கள் ஊர் ஆனெவுக்கு வந்து என் கதவைத் தட்டுகிறார்கள்.

அஷ்காபாத்தில் புதிதாகக் கட்டுகிற தேநீர் விடுதியின் முன்சுவர் முழுக்க என் ஓடுகள்தான் பதிக்கப் போகிறார்கள். மாதுளை மரம், மேலே நீல வானம். மரம் எப்போதோ தயார். வானம்தான் என்னைப் படுத்துகிறது. அந்த நீலப் பூச்சுக்கான சாம்பல் கடையில் விற்கிற சரக்கா? இலையுதிர் காலத்தில் பாலைவனத்துக்குப் போய் உப்புச்செடி வெட்டி, குழியில் போட்டு எரித்து எடுக்க வேண்டும். பனி விழுந்துவிட்டால் அந்தச் செடி கிடையாது. ஜாடியின் அடியில் இருந்த மிச்சம் இன்னும் ஒரே ஒரு சூளைக்குத்தான் வரும். அதுவும் கெட்டால் சுவர் தவ்ஷானுக்குப் போய்விடும்.

தவ்ஷான் என்னோடு கலைப்பள்ளியில் படித்தவள். இப்போது நகரத்து அரசாங்கப் பட்டறையில் ஓடு செய்கிறாள். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். என் மகன் ஹெம்ராவுக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். பெண் யார்? அவளுக்கே ஒன்றுவிட்ட அக்கா மகள், சுல்குன். போன இலையுதிர் காலத்தில் கல்யாணம். அதற்குப் பிறகுதான் சூளை கெட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சுல்குனிடமே கேட்கலாம் என்றால் அவள் பேச மாட்டாள். புது மருமகள் தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் மாமியார் முன்னால் நடமாட வேண்டும். மாமியார் பரிசு கொடுத்து அந்தத் துணியை எடுத்துவிடும்வரை வாய் திறக்கக் கூடாது. சில வீடுகளில் இப்போது அதெல்லாம் இல்லை. என் வீட்டில் உண்டு. ஆனால் பேசாத பெண் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண் எந்நேரமும் என் சூளை மேலேயே இருந்தது.

ஹெம்ரா லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்த நாளாகப் பார்த்து, ரொட்டியும் தேநீரும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன்டா, உன் பொண்டாட்டி தவ்ஷான்கிட்ட என்னத்த வாங்கினா?"

"எப்போ?"

"அவ வந்துட்டுப் போனாளே, அன்னிக்கு. மதிலோரமா நின்னு ஒரு துணி முடிச்ச வாங்கி இடுப்புல சொருகினா. ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"ஊசி நூலா இருக்கும்மா."

"ஊசி நூல ஒளிஞ்சு நின்னா வாங்குவாங்க? உப்பா இருக்கும்டா. ஒரு பிடி உப்ப தீயில போட்டா என் பூச்சு நாசமாப் போயிடும். தவ்ஷானுக்கு இது நல்லாத் தெரியும்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். போன மாசம் ஆட்டு வால்கொழுப்பக் காணோம்னு பூனை மேல சந்தேகப்பட்ட."

"பூனைக்குத் தவ்ஷான் சித்தி இல்லடா!"

எழுந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "ஒண்ணும் இல்லங்கறா."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குடா முடிச்சு?" எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "நல்லாக் கேட்டுக்கோ. இந்தச் சூளையும் கெட்டுச்சுன்னா அவள அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடு. திரும்பக் கூட்டிட்டு வராத."

ஹெம்ரா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பாத்துப் பேசும்மா."

சுல்குன் வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் நிறைந்திருந்தது, துணி பல்லில் இருந்தது. எனக்கு மனசு இளகவில்லை. நல்லா நடிக்கிறா என்றுதான் தோன்றியது.

கடைசிச் சூளையை நானே அடுக்கினேன். ஒவ்வொரு ஓட்டையும் கையில் எடுத்து, "என் தங்கமே, என் ராஜாத்தி, உன்ன மாதிரி அழகி உண்டா?" என்று கொஞ்சி, முத்தம் கொடுத்து உள்ளே வைத்தேன். அது என் பழக்கம். மனுஷர்களைக் கொஞ்சத்தான் எனக்கு வராது. சுல்குன் செங்கல் எடுத்துக் கொடுத்தபடி என்னையே வெறித்துக்கொண்டிருந்தாள். பார்வையைப் பார், என்று உள்ளுக்குள் கறுவினேன்.

விடிகாலையில் தீ மூட்டினோம். நண்பகலுக்கு மேல் சூளை நல்ல சூடு பிடித்ததும், தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "மாவு வாங்கப் போறேன்! தீயப் பாத்துக்கோ!" வெளிக்கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிவந்து ஆட்டுப்பட்டிக்குள் பதுங்கினேன். முழங்கால் புழுக்கையில் புதைந்தது. கிடக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்தாள். தீவாயருகே குனிந்தாள். நான் பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்தேன். காலி. எல்லாம் உள்ளே போய்விட்டது. சூளைவாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

"என்னத்தடி போட்ட? உப்பா? தவ்ஷான் சொல்லிக் குடுத்தாளா?"

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"வாயத் திறடி!"

திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? என் வீட்டு வழக்கம் அல்லவா! துணியை எடுப்பது விருந்தாளிகளைக் கூப்பிட்டு, ஆடு அறுத்துச் செய்ய வேண்டிய காரியம். நான் கையிலிருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றி அவள் உள்ளங்கையில் திணித்தேன். பல்லிடுக்கிலிருந்து துணியை உருவினேன்.

"இந்தா உன் பரிசு. இப்பப் பேசு!"

"உசெர்லிக், அத்தே," என்றாள். குரல் கரகரத்தது.

அப்போதுதான் புகையின் வாசனை மூக்கில் ஏறியது. திருஷ்டி கழிக்க வீட்டுக்கு வீடு புகைபோடுகிற காட்டுச்செடி.

"என் சூளைக்குத் திருஷ்டி கழிச்சியா? யாரு கண்ணுடி பட்டுச்சு? தவ்ஷான் கண்ணா?"

"இல்ல."

"பின்ன?"

தரையைப் பார்த்தாள். "உங்க கண்ணுதான், அத்தே."

"என் கண்ணா!"

"அடுக்கறப்ப ஒவ்வொண்ணையும் கொஞ்சறீங்க. அழகிங்கறீங்க, தங்கமேங்கறீங்க. ஒரு தடவ துப்பக்கூட மாட்டேங்கறீங்க. வேண்டியவங்க கண்ணுதான் ரொம்பப் பொல்லாததுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. மொத தடவ கொஞ்சமாத்தான் போட்டேன். அப்பவும் கெட்டுப்போச்சு. ஐயோ, பத்தலையேன்னு அடுத்த தடவ நிறையப் போட்டேன்."

"இன்னிக்கு?"

"முடிச்சு முழுசும். சித்தி தர்காவுலேருந்து கொண்டாந்து குடுத்தது. யார்கிட்டயும் சொன்னா பலிக்காதுன்னாங்க."

குளிர்காலம் முழுக்க நான் இவள் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், இவள் என் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்! அழுவதா சிரிப்பதா? இரண்டுக்கும் நேரமில்லை. புகை மூண்டால் தீக்குக் காற்றுப் போதாது. காற்றுப் போதாவிட்டால் செம்பு சிவந்துவிடும். சூளை சூடாக இருக்கும்போதே திருப்பினால்தான் உண்டு.

"நிக்காதடி! மேல மூடியத் தள்ளு! சன்ன விறகாப் பாத்துக் கொண்டா!"

ஓடினாள். நான் கம்பியை உள்ளே விட்டு, எரிகிற செடியை வாரி வெளியே இழுத்தேன். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் குச்சி குச்சியாகப் போட்டுப் புகையில்லாத தீயாக எரித்தோம். வாய் திறந்தவள் அப்புறம் மூடவே இல்லை. ஹெம்ரா குறட்டை விடுகிறானாம். என் சூப்பில் மிளகு அதிகமாம்.

"இன்னொண்ணு அத்தே. வால்கொழுப்பத் தின்னது பூனைதான். நீங்க சொன்னது சரி."

"எனக்குத் தெரியாதா!" என்றேன்.

சூளை ஆறியதும் ஹெம்ரா லாரியோடு வந்து வாசலில் நின்றான். சுல்குனின் துணிமூட்டை கதவோரம் கட்டித் தயாராக இருந்தது. நான் அன்றைக்குச் சொன்னதை அவள் மறக்கவில்லை. சூளைவாயின் செங்கலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, முதல் ஓட்டை எடுத்தேன்.

நீலம். அடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும். ஏதோ ஒன்றின் ஓரத்தில் மட்டும் நகத்தளவு சிவப்பு.

"என் தங்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். சுல்குன் பக்கவாட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடனைப் பார்க்கிற பார்வை. தூ, தூ, தூ என்று துப்பினேன்.

"சுமாரா வந்திருக்கு," என்றேன்.

அவள் மூச்சு விட்டாள்.

"சுமாரா? ஏம்மா, இவ்வளவு அழ..." என்றான் ஹெம்ரா.

"வாய மூடு!" இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவளை நன்றாகப் பார்த்தேன். மூக்கில் கரி. ஒரு புருவம் பாதி பொசுங்கியிருந்தது. மெலிந்த கையில் என் காப்பு தொளதொளவென்று தொங்கியது. ஓடுகளிடம் மட்டுமே நான் சொல்கிற வார்த்தையெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த மூட்டையப் பிரிச்சு வை," என்றேன். "நீயும் சுமார்தான்டி."